முதல் வீல்சேர் வாங்கும் முன்: அளவு, குஷன், தாள்கள், பராமரிப்பு

கடையில் போய் "ஒரு வீல்சேர் வேண்டும்" என்று மட்டும் சொன்னால் கையில் வருவது பெரும்பாலும் ஒரே வகைதான். மடக்கும் இரும்புச் சட்டம், நடுவில் தொய்யும் ரெக்சின் இருக்கை, 18 அங்குல அகலம். வார்டிலிருந்து எக்ஸ்ரே அறைக்கு நோயாளியைத் தள்ளிக்கொண்டு போவதற்கென்று செய்தது அது. அரை மணி நேரம் உட்காரச் சரியாக இருக்கும். அதிலேயே தினமும் எட்டு, பத்து மணி நேரம் உட்கார்ந்து, தன் கையாலேயே சக்கரத்தை உருட்டி வாழப்போகிறவருக்கு அது பொருந்தாது. சில மாதங்களில் தோள் வலி வரும், முதுகு ஒரு பக்கம் கோணும், எல்லாவற்றுக்கும் மேலாகப் புண் வரும். உட்காரும் இடத்தில் வந்த ஆழமான புண் ஆற மாதக்கணக்கில் ஆகும். கிருமி எலும்புவரை இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

கையால் உருட்டும் வீல்சேரை முதன்முதலாக வாங்கப் போகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் உரிய வழிகாட்டி இது. தலையைத் தானே நிமிர்த்தி வைக்க முடியாத குழந்தைகளுக்கும், முதுகு ஏற்கெனவே வளைந்து இறுகிப்போனவர்களுக்கும் தனி இருக்கை வடிவமைப்பு தேவை. அவர்கள் இதை அடிப்படையாக மட்டும் வைத்துக்கொண்டு நேரே அதற்குரிய நிபுணரிடம் போக வேண்டும்.

முதலில் அளவெடுங்கள். அளவுத்தாள் கையில் வந்த பிறகுதான் பணத்தைப் பற்றியோ விண்ணப்பத்தைப் பற்றியோ பேச்சு.

1. வாழ்க்கையை எழுதுங்கள்

ஒரு தாளில் இவற்றுக்குப் பதில் எழுதுங்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உட்காருவார்? தானே உருட்டுவாரா, பிறர் தள்ளுவார்களா? படுக்கையிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாறுகிறார்: பக்கவாட்டில் நகர்ந்தா, தூக்கி வைத்தா, கொஞ்சம் நின்று திரும்பியா? வீட்டு வாசலுக்கு வெளியே தரை எப்படி: சிமெண்ட், மண், மேடு பள்ளம்? பேருந்திலோ காரிலோ ஏற்ற வேண்டுமா? வீட்டில் மிகக் குறுகலான கதவு எத்தனை செ.மீ.?

கதவை அளக்கும்போது நிலையின் உள்விளிம்புகளை மட்டும் அளந்தால் போதாது. கதவைத் திறந்து வைத்து, நடுவில் மிஞ்சும் வெற்று இடத்தை அளக்க வேண்டும். கதவின் தடிமனே நாலைந்து செ.மீ. தின்றுவிடும். குளியலறைக் கதவைக் கட்டாயம் அளங்கள். பெரும்பாலும் அதுதான் தடுக்கும்.

2. தோலையும் மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்

இதற்குப் பிசியோதெரபிஸ்ட் அல்லது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பயிற்சி தருபவர்) வேண்டும். நீங்கள் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை மூன்று.

முதலாவது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்கிறதா என்பது. உணர்ச்சி இல்லையென்றால், ஏற்கெனவே ஒரு முறை புண் வந்திருந்தால், அல்லது தானாக நகர்ந்து உட்கார முடியாவிட்டால், அழுத்தம் குறைக்கும் குஷன் கட்டாயம் தேவை.

இரண்டாவது, இடுப்பு மூட்டு 90 டிகிரி மடங்குகிறதா என்பது. மடங்காத இடுப்பை நேர் முதுகுள்ள நாற்காலியில் திணித்தால் உடல் முன்னால் வழுக்கிக்கொண்டே வரும். எத்தனை முறை தூக்கி உட்கார வைத்தாலும் நிற்காது. இருக்கைக்கும் முதுகுக்கும் நடுவிலுள்ள கோணத்தைத் திறந்தால்தான் சரியாகும்.

மூன்றாவது தோல். உட்காரும் எலும்புகள் இரண்டும், வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மருத்துவக் குறிப்புகளில் "சிவப்பு" என்றே எழுதியிருக்கும். கருநிறத் தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ ஊதா படர்ந்தோ இருக்கும். தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அழுத்தம் எடுத்து அரை மணி நேரம் ஆன பின்னும் அது மறையாவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். திறந்த புண் இருந்தால் புது நாற்காலியில் உட்காரும் நேரத்தை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

3. அளவெடுங்கள்

மெத்தையிலோ சோபாவிலோ வைத்து அளக்காதீர்கள். கெட்டியான, தட்டையான பெஞ்சில் உட்கார வைத்து, பாதத்துக்கு அடியில் பலகையோ புத்தகமோ கொடுத்து, முழங்கால் 90 டிகிரியில் இருக்கும்படி செய்யுங்கள். தினமும் போடும் உடுப்பும் செருப்பும் இருக்கட்டும். ஒருவர் முன்னால் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அளக்க வேண்டும்.

இருக்கை அகலம்: இடுப்பின் இரண்டு பக்கமும் கெட்டி அட்டைப் புத்தகத்தைச் செங்குத்தாக ஒட்டி நிறுத்தி, இரண்டு புத்தகங்களுக்கும் நடுவே நேர்கோட்டில் அளங்கள். டேப்பை உடலின் வளைவு மேல் ஓட்டினால் கணக்கு தவறும். தொடை அகலமாக இருந்தால் அந்த அளவுதான் கணக்கு. கிடைத்த எண்ணே இருக்கையின் அகலம். தடித்த உடுப்புக்காக ஒன்றிரண்டு செ.மீ. கூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

"கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்" என்ற யோசனைதான் அதிகம் பேரைக் கெடுக்கிறது. 38 செ.மீ. இடுப்புள்ளவரை 46 செ.மீ. நாற்காலியில் வைத்தால், ஏதாவது ஒரு பக்கத்து ஆர்ம்ரெஸ்டில் சாய்வார். எடை ஒரே எலும்பில் இறங்கும். முதுகு வளையும். சக்கரத்தை எட்ட இரண்டு கையையும் அகட்ட வேண்டும் என்பதால் தோள் தேயும். அகன்ற நாற்காலி கதவிலும் நுழையாது.

இருக்கை ஆழம்: புட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து, அதிலிருந்து 3 முதல் 6 செ.மீ. கழியுங்கள். இரண்டு காலையும் தனித்தனியே அளங்கள். வித்தியாசம் இருந்தால் குட்டையான அளவைத்தான் எடுக்க வேண்டும். ஆழம் கூடினால் இருக்கையின் விளிம்பு முழங்கால் மடிப்பில் இடிக்கும். இடியைத் தவிர்க்க உடல் முன்னால் வழுக்கும், வால் எலும்பில் உட்காருவார், அங்கே புண் வரும். ஆழம் குறைந்தால் தொடை தாங்க வேண்டிய எடையும் புட்டத்திலேயே விழும்.

கால் உயரம்: முழங்கால் மடிப்பிலிருந்து செருப்பின் அடி வரை அளங்கள். குஷனின் மேல்பக்கத்துக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய தூரம் இதுதான். ஃபுட்ரெஸ்ட் மேலே போனால் முழங்கால் தூக்கி, எடை முழுவதும் உட்காரும் எலும்பில் இறங்கும். கீழே போனால் பாதம் தொங்கி, தொடையின் அடிப்பக்கம் நசுங்கும்.

முதுகு உயரம்: குஷன் மட்டத்திலிருந்து இரண்டு அளவு எடுங்கள். ஒன்று விலா எலும்பின் கீழ்முனை வரை, மற்றது தோள்பட்டை எலும்பின் கீழ்முனை வரை. உடலை நன்றாக நிமிர்த்தி வைக்க முடிந்து, தானே உருட்டுகிறவருக்கு முதல் அளவு போதும்; தோள் தாராளமாக அசையும். கொஞ்சம் தாங்கல் வேண்டுமென்றால் இரண்டாவது அளவு. உடல் சரிகிறவருக்கு அதைவிட உயரம் தேவை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இடுப்பு 38 செ.மீ., புட்டம் முதல் முழங்கால் மடிப்பு வரை 46, கால் உயரம் 42, குஷன் உட்கார்ந்து அமுங்கிய பின் 6. இருக்கை அகலம் 38. ஆழம் 42. குஷன் இல்லாத வெறும் இருக்கையிலிருந்து ஃபுட்ரெஸ்ட் வரை 42-லிருந்து 6 போக 36. ஃபுட்ரெஸ்டுக்கு அடியில் தரையிலிருந்து 5 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். ஆக, வெறும் இருக்கையின் முன்விளிம்பு தரையிலிருந்து குறைந்தது 41 செ.மீ., கூடவே ஃபுட்ரெஸ்ட் பலகையின் தடிமன். குஷனை மறந்துவிட்டுக் கணக்குப் போட்டால் எல்லா உயரமும் 6 செ.மீ. பிசகும். குஷனைப் பிறகு வாங்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்களைத் தேதியோடு எழுதி, அளந்தவரின் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

4. வகையைத் தேர்ந்தெடுங்கள்

பின்சக்கரம் சின்னதாக இருந்தால் பிறர்தான் தள்ள வேண்டும். தானே உருட்டுகிறவருக்குப் பெரிய பின்சக்கரமும் அதில் கைப்பிடி வளையமும் வேண்டும். வளையத்தின் உச்சியில் கை வைத்தால் மேல்கைக்கும் முன்கைக்கும் நடுவிலுள்ள கோணம் 100 முதல் 120 டிகிரி வரை இருப்பது நல்ல உயரம்.

மேடு பள்ளமான தரைக்கு முன்சக்கரம் பெரிதாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். 5 அங்குலக் கெட்டிச் சக்கரம் வழவழப்பான தரையில் நன்றாகத் திரும்பும். மண்ணில் புதைந்து, ஆளை முன்னால் கவிழ்க்கும். 8 அங்குலம் பரவாயில்லை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே தூரம் கூடுதலாக இருக்கும் நாற்காலி வெளியில் நிலையாக நிற்கும். வீட்டுக்குள் திருப்ப இடம் அதிகம் கேட்கும்.

காற்று டயர் லேசானது, அதிர்வைக் குறைக்கும், ஆனால் பஞ்சராகும். கெட்டி டயர் பஞ்சராகாது, கனமாக இருக்கும், குலுக்கும். பஞ்சர் ஒட்ட வசதி இருக்கும் இடத்தில் காற்று டயரையே வாங்கலாம் என்பது எங்கள் கருத்து.

பின்சக்கர அச்சை முன்னால் நகர்த்தினால் உருட்டுவது எளிது, பின்னால் கவிழ்வதும் எளிது. இரண்டு காலும் முழங்காலுக்கு மேல் நீக்கப்பட்டவருக்கு முன்பக்க எடை குறைந்துவிடுவதால் அச்சைப் பின்னால் தள்ளித்தான் பொருத்த வேண்டும். இதைச் சொல்லாமல் வாங்கினால் முதல் சரிவிலேயே மல்லாந்து விழுவார்.

பக்கவாட்டில் நகர்ந்து மாறுகிறவருக்குக் கழற்றக்கூடிய ஆர்ம்ரெஸ்டும் ஒதுக்கக்கூடிய ஃபுட்ரெஸ்டும் அவசியம்.

வாங்கும் முன் உதிரிப் பாகங்களின் எண்களைக் கேட்டு எழுதுங்கள். "24 அங்குல டயர்" என்பதில் பல அளவுகள் உண்டு. வீல்சேரில் பரவலாக வரும் 24 × 1⅜ டயரின் பக்கவாட்டில் 37-540 என்று அச்சிட்டிருக்கும்; 37 டயரின் அகலம், 540 அது உட்காரும் ரிம்மின் விட்டம், இரண்டும் மி.மீ.-இல். 24 அங்குல சைக்கிள் டயர்களில் நிறைய 507 விட்டத்தில் வரும். பெயர் ஒன்றானாலும் ஒன்று மற்றதில் ஏறாது. பேரிங்கும் அப்படித்தான். அச்சு 12 மி.மீ. என்றால் 6001 எண் பேரிங் பொருந்தும். அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. என்றால் ஆர்8. முன்சக்கரத்தில் அதிகம் வருவது 608. ஸ்கேட்டிங் சக்கரத்திலும் இதே பேரிங்தான் என்பதால் எளிதில் கிடைக்கும். எந்த உதிரிப் பாகமும் எங்கும் கிடைக்காத நாற்காலி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் வேண்டாம்.

5. குஷன்

நாற்காலிக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக் குஷனுக்குக் கொடுங்கள். உணர்ச்சி இல்லாதவருக்கு, நாற்காலியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாவது குஷனில் நல்லதை வாங்குங்கள்.

நடுவில் ஓட்டையுள்ள வளைய வடிவக் குஷன், காற்றடைத்த டியூப் இரண்டும் கூடாது. புண்ணுக்கு இதம் என்று பலர் வாங்கித் தருவார்கள். அந்த வளையம் சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை நெரித்து, நடுவிலுள்ள சதையை இன்னும் கெடுக்கும்.

சாதாரண மெத்தை ஸ்பாஞ்ச் சில வாரங்களில் அமுங்கிவிடும். அடியில் கெட்டி ஃபோமும் மேலே மிருதுவான ஃபோமும் வைத்து, உட்காரும் எலும்புகளுக்கு நேரே குழித்து வெட்டிய குஷன் பலருக்குப் போதும். புண் அபாயம் அதிகமென்றால் ஜெல் அல்லது காற்றறைக் குஷன். காற்றறைக் குஷனில் காற்று குறைந்தால் எலும்பு அடியில் முட்டும், கூடினால் கல்லாக இருக்கும். தினமும் பார்க்க ஆள் இல்லாத வீட்டுக்கு ஃபோம்தான் நல்லது. ரெக்சின் இருக்கை தொய்ந்திருந்தால் குஷனுக்கு அடியில் பலகை வையுங்கள். இல்லாவிட்டால் எந்தக் குஷனும் தொட்டிலாகிவிடும். பலகையின் தடிமனை உயரக் கணக்கில் சேர்க்க மறக்க வேண்டாம்.

குஷன் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கையே போதும். அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, உங்கள் விரல்களை உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி குஷனுக்கும் புட்டத்துக்கும் நடுவே நுழைத்து, உட்காரும் எலும்பைத் தேடுங்கள். எலும்புக்கு அடியில் விரல் நுனியை மேலும் கீழும் 5 மி.மீ. அளவுக்காவது அசைக்க முடிந்தால் சரி. அசைக்க முடியவில்லை, ஆனால் விரலை எளிதில் உருவிவிடலாம் என்றால் எச்சரிக்கை. விரல் நசுங்கி, உருவவே சிரமம் என்றால் அந்தக் குஷனில் உட்கார வைக்கக் கூடாது. இரண்டு பக்கமும் பாருங்கள். அவருக்கு உணர்ச்சி இல்லாவிட்டாலும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லி, சம்மதம் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

உறை கழற்றித் துவைக்கும்படி, நனைந்தால் ஃபோமுக்குள் ஈரம் இறங்காதபடி இருக்கட்டும். இரண்டு உறை வாங்குங்கள். ஃபோமைத் துவைத்தால் நிழலில் உலர்த்துங்கள். வெயில் அதைப் பொடியாக்கும்.

6. தாள்கள், செலவு, காலம்

அரசுத் திட்டமோ காப்பீடோ தொண்டு அமைப்போ, யாரிடம் போனாலும் கேட்பவை ஏறக்குறைய இவைதான்: இயலாமைச் சான்று, அடையாள அட்டை, முகவரிச் சான்று, வருமானச் சான்று, புகைப்படம், மருத்துவர் அல்லது தெரபிஸ்ட் பரிந்துரை, விலைப்புள்ளி. எல்லாத் தாளிலும் பெயரின் எழுத்தும் முதலெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று விண்ணப்பிக்கும் முன்பே சரிபாருங்கள். வருமானச் சான்றுக்குப் பல இடங்களில் காலாவதி உண்டு. அதனால் அதைக் கடைசியாக வாங்குங்கள். அதிக நாள் எடுக்கும் இயலாமைச் சான்றை முதலில் தொடங்குங்கள்.

விண்ணப்பம் நிற்பதும் விழுவதும் பரிந்துரைக் கடிதத்தில்தான். "இவருக்கு வீல்சேர் தேவை" என்று ஒரு வரி எழுதினால் கையிருப்பில் உள்ள 18 அங்குல நாற்காலி வரும். கடிதம் இப்படி இருக்கட்டும்: "இடுப்புக்குக் கீழ் உணர்ச்சி இல்லை. தினமும் 9 மணி நேரம் உட்காருகிறார், தானே உருட்டுகிறார். 46 செ.மீ. இருக்கையில் இடப்பக்கம் சாய்கிறார். 38 × 42 செ.மீ. இருக்கை, கழற்றக்கூடிய ஆர்ம்ரெஸ்ட், அழுத்தம் குறைக்கும் குஷன் தேவை. இவை இல்லாவிட்டால் புண் வரும் அபாயம் அதிகம்." அளவுத்தாளை இதோடு இணையுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2006-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 20-ஆம் பிரிவு, தரமான நடமாட்டக் கருவிகள் தாங்கக்கூடிய செலவில் கிடைக்க அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்கிறது. உங்கள் நாடு அதை ஏற்றிருந்தால் கடிதத்தில் குறிப்பிடலாம்.

இரண்டு பொறிகளைக் கவனியுங்கள். முன்கூட்டியே ஒப்புதல் கேட்கும் திட்டங்களில், ஒப்புதலுக்கு முன் வாங்கிய நாற்காலிக்குப் பணம் திரும்ப வராது. அவசரமென்றால் யாரிடமாவது இரவல் வாங்கிச் சமாளியுங்கள். அடுத்தது, ஒரு முறை கருவி வாங்கினால் சில ஆண்டுகளுக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது என்ற விதி பல திட்டங்களில் உண்டு. இலவசமாக வருகிறதே என்று பொருந்தாத நாற்காலியைக் கையெழுத்துப் போட்டு வாங்கினால் அத்தனை ஆண்டும் அதிலேயே உட்கார வேண்டிவரும். பொருந்தவில்லை என்று எழுதிக் கொடுத்து மறுக்கும் உரிமை உண்டா என்று முன்பே கேளுங்கள்.

வரவுசெலவில் நாற்காலியின் விலையை மட்டும் எழுதாதீர்கள். குஷன், கூடுதல் உறை, இரண்டு டியூப், காற்றடிக்கும் பம்ப், கையுறை, வாசல் சாய்தளம், சில ஆண்டுகளில் வரும் டயர் செலவு எல்லாம் சேர வேண்டும். விலைப்புள்ளியில் குஷனைத் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். "துணைப் பொருள்" என்ற தலைப்பில் இருந்தால் முதலில் வெட்டப்படுவது அதுதான். வீல்சேர் சோதனைக்கென்று ஐ.எஸ்.ஓ. 7176 என்ற சர்வதேசத் தரநிலைத் தொடர் இருக்கிறது. அந்தச் சோதனைகளில் எவற்றை இந்த மாடல் கடந்திருக்கிறது என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கொடுத்த எல்லாத் தாளுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வளரும் பிள்ளைக்கு விண்ணப்பித்து மாதங்கள் ஓடிவிட்டால், ஆர்டர் போடும் நாளில் மறுபடி அளக்காமல் விடாதீர்கள்.

7. நாற்காலி வந்த நாளில்

கையெழுத்துப் போடும் முன் காலி நாற்காலியைச் சமதரையில் லேசாகத் தள்ளிவிடுங்கள். நேராகப் போக வேண்டும். நின்ற பின் நான்கு சக்கரமும் தரையைத் தொட வேண்டும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் பிரேக்கில் உரசக் கூடாது. டயரில் காற்று நிரப்பிவிட்டுப் பிரேக்கைச் சோதியுங்கள். காற்று குறைந்தால் பிரேக் பிடிக்காது.

பிறகு குஷனோடு உட்கார வையுங்கள். இடுப்பு முதுகுச்சாய்வை ஒட்டியிருக்கிறதா, இரண்டு இடுப்பெலும்பும் ஒரே மட்டமா, தொடை முழுவதும் குஷனில் படிகிறதா, முழங்கால் மடிப்புக்கும் குஷன் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைகிறதா, பாதம் ஃபுட்ரெஸ்டில் முழுதாகப் பதிகிறதா என்று பாருங்கள். கையால் செய்யும் அழுத்தச் சோதனையை இங்கேயே செய்யுங்கள். கொஞ்ச தூரம் உருட்டிவிட்டு வந்த பின் மறுபடி பாருங்கள். உடல் வழுக்கியிருந்தால் ஆழமோ ஃபுட்ரெஸ்டோ தவறு. இடுப்புப் பட்டை தொடை மடிப்பை ஒட்டிக் கிடக்க வேண்டும், வயிற்றில் ஏறக் கூடாது.

8. முதல் வாரங்கள்

முதல் நாளே முழு நாளும் உட்கார வேண்டாம். ஒன்றிரண்டு மணி நேரம் உட்கார்ந்து, இறங்கி, தோலைப் பாருங்கள். அடையாளம் அரை மணிக்குள் மறைந்தால் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

அரை மணிக்கு ஒரு முறையாவது அழுத்தத்தை இறக்க வேண்டும். மார்பு தொடையைத் தொடும் அளவுக்கு முன்னால் குனிவது நல்ல முறை. முடியாதவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு மறுபக்கம். ஒன்று முதல் இரண்டு நிமிடம் நீடிக்க வேண்டும். கையை ஊன்றி உடலைத் தூக்குவதைத்தான் எல்லோரும் சொல்லித் தருவார்கள். அதைப் பத்து விநாடிக்கு மேல் பலரால் தாங்க முடியாது, தோளும் கெடும்.

உருட்டும்போது குட்டிக் குட்டியாகத் தட்டாமல் வளையத்தை நீளமாகத் தள்ளி, கையைக் கீழே தொங்கவிட்டுத் திரும்பக் கொண்டு வாருங்கள். ஓடும்போது பிரேக்கைப் போட்டு வேகத்தைக் குறைக்கக் கூடாது. அது நிறுத்தி வைக்க மட்டும். வேகத்தை உள்ளங்கையால் வளையத்தில் கட்டுப்படுத்த வேண்டும்.

மாறி உட்காரும்போது பிரேக் போட்டு, ஃபுட்ரெஸ்டை மடக்கிய பிறகே நகர வேண்டும். ஃபுட்ரெஸ்டில் கால் ஊன்றினால் நாற்காலி முன்னால் கவிழும். தள்ளுகிறவர் படியில் இறக்கும்போது பின்சக்கரம் முதலில் இறங்கும்படி பின்புறமாக இறக்க வேண்டும். தூக்கும்போது ஆர்ம்ரெஸ்டையோ ஃபுட்ரெஸ்டையோ பிடித்தால் கையோடு கழன்று வரும்; சட்டத்தைப் பிடியுங்கள்.

முதுகுத்தண்டில் மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரென்று கடுமையாகத் தலை வலித்து, முகம் வியர்த்தால், உடலின் கீழ்ப்பகுதியில் ஏதோ உறுத்துகிறது என்று அர்த்தம். ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கும். நிமிர்த்தி உட்கார வைத்து, பட்டையையும் இறுக்கமான உடுப்பையும் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் உடனே அவசர மருத்துவ உதவி வேண்டும்.

9. வாசலும் உள்ளும்

சாய்தளத்துக்கு 1-க்கு 12 என்பதுதான் அதிகபட்சச் சரிவு. 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. நீளம். இடம் இருந்தால் இன்னும் நீளமாக, 1-க்கு 16 அல்லது 20 என்று போடுங்கள். மேலே கதவுக்கு முன் நாற்காலி நின்று திரும்பச் சமதளம் வேண்டும். ஓரங்களில் சக்கரம் வழுக்காமல் தடுப்பு வேண்டும். வழவழப்பான டைல்ஸ் ஒட்டாதீர்கள். முழு வட்டம் திரும்ப 150 × 150 செ.மீ. இடம் தேவை. அது எல்லா அறையிலும் கிடைக்காது; படுக்கைக்குப் பக்கத்திலும் கழிப்பறையிலும் கிடைக்கும்படி முதலில் பாருங்கள்.

10. பராமரிப்பு

வாரம் ஒரு முறை துடைத்து, டயரில் காற்று பார்த்து, முன்சக்கர அச்சில் சுற்றியிருக்கும் முடியையும் நூலையும் எடுங்கள். முன்சக்கரம் இறுகிப்போவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த முடிதான். மாதம் ஒரு முறை நட்டு, போல்ட் எல்லாம் இறுக்கி, ஸ்போக்குகளைச் சோடி சோடியாக விரலால் அழுத்திப் பாருங்கள். தளர்ந்தது தனியே தெரியும். மடக்கும் இணைப்புகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும். பிரேக் டயரைத் தொடும் இடத்தில் எண்ணெய் படக் கூடாது. வெல்டிங் ஓரங்களில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அன்றே நாற்காலியை நிறுத்துங்கள். மேலே சொன்ன விரல் சோதனையை மாதம் ஒரு முறை குஷனுக்குச் செய்தால் ஃபோம் அமுங்கிப் போனது புண் வரும் முன்பே தெரிந்துவிடும்.

11. கூட்டாகச் செய்ய வேண்டியவை

தெரபிஸ்ட் அளந்து தருவார். தெருவில் படியேறுவதையும் பேருந்தில் மாறுவதையும் நன்றாகக் கற்றுத் தருவது பல ஆண்டுகளாக வீல்சேரில் இருக்கும் ஒருவர்தான். உங்கள் பகுதியில் முதுகுத்தண்டு பாதிப்புற்றோர் குழுவோ மாற்றுத்திறனாளிகள் சங்கமோ இருந்தால் நாற்காலி வருவதற்கு முன்பே போய்ச் சேருங்கள். அங்கே வெவ்வேறு நாற்காலிகளில் உட்கார்ந்து பார்க்கலாம், எந்த மாடல் எங்கே உடைகிறது என்று கேட்கலாம்.

குழு இல்லாவிட்டால் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தே தொடங்கலாம். முதல் வேலை இரவல் நாற்காலிக் கையிருப்பு. ஒவ்வொன்றிலும் இருக்கை அகலம், ஆழம், டயர் எண், பேரிங் எண் எழுதிய அட்டையைக் கட்டுங்கள். அளக்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். தானமாக வந்த நாற்காலியும் பொருந்தாவிட்டால் புண்தான் தரும். ஒருவர் பயன்படுத்திய குஷனை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டாம். ஃபோம் முந்தையவரின் உடலுக்கு அமுங்கியிருக்கும்.

இரண்டாவது வேலை மாதம் ஒரு நாள் பழுதுபார்ப்பு. சைக்கிள் பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் முக்கால்வாசி வேலை முடியும். பெட்டியில் வைக்க வேண்டியவை: உங்கள் குழுவில் உள்ள அளவுகளில் டியூப்கள், பஞ்சர் ஒட்டும் சாமான், டயர் நெம்பும் கம்பிகள், பம்ப், 10, 13, 17 எண் ஸ்பேனர்கள், 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ, ஸ்போக் கீ, 608, 6001 பேரிங்குகள், நைலான் பூட்டு நட்டுகள். உட்கார்ந்தவரை இறக்கி வைக்கக் கெட்டியான பெஞ்சும் அதன்மேல் போட அவருடைய குஷனும் தயாராக இருக்க வேண்டும். பழுது முடிந்ததும் பெயர், தேதி, மாற்றிய பாகம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். ஒரே பாகம் ஒரே மாடலில் மூன்றாவது முறை உடைந்தால், படத்தோடு அந்தப் பதிவை நாற்காலி கொடுத்த அமைப்புக்கு அனுப்பி, அடுத்த கொள்முதலில் மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.